அப்பத்தாவுக்கு வசனம் கேட்க வேண்டும்!

"என்னப்பா சொன்னான்?"

எங்கள் வீட்டில் தினமும் ராத்திரி எழுந்த கேள்வி இது. கேட்டவர் என் அம்மா. வயது 74.

டெலிவிஷனில் தொடர் ஓடிக்கொண்டு இருக்கும். மாமியார் ஏதோ சொல்லுவார். மருமகள் அழுவாள். அம்மாவுக்கு ஒன்றும் விளங்காது. "என்னப்பா சொன்னான்? அவ ஏன் அழுகுறா?" என்று கேட்பார்.

"சும்மா இருங்க அப்பத்தா! அடுத்த வசனம் போயிரும்" என்பாள் என் மகள்.

"அப்புறம் சொல்றேன் அத்தை" என்பாள் என் மனைவி.

அப்புறம் யாரும் சொல்வது இல்லை.

ஒரு நாள் அம்மா கேட்பதை நிறுத்திவிட்டார். தொந்தரவு ஒழிந்தது என்று நாங்கள் நினைத்தோம். ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். டெலிவிஷனைப் போட்டதும் அம்மா எழுந்து போய்விடுகிறார். வாசற்படியில் தனியாக உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறார்.

"ஏம்மா, நாடகம் பாக்கலையா?"

"பொம்மை மாதிரி வாயை வாயை அசைக்கிறாங்க. ஒண்ணும் விளங்கலை. எனக்கு எதுக்குப்பா அது?"

எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் நாங்கள் நாலு பேர். மூன்று பேரை ஒன்றாக உட்கார வைத்த பெட்டி, நாலாவது ஆளை வாசலுக்கு அனுப்பிவிட்டது!

இப்போது பல வீடுகளில் டெலிவிஷனுக்கு என்று தனியாக ஒலிப்பெட்டி வாங்குகிறார்கள். வாங்கட்டும். நல்லதுதான். ஆனால் எதற்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். நான் தெரியாமல் வாங்கினேன். ஏமாந்தேன். அந்தக் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அதிர்ந்தது, விளங்கவில்லை!

கடைக்குப் போனேன். "டி.வி. சத்தம் போதவில்லை" என்றேன்.

கடைக்காரர் ஒரு பொத்தானை அமுக்கினார். குத்துப் பாட்டு ஒன்று முழங்கியது. தரை அதிர்ந்தது. என் சட்டைப் பை ஆடியது!

"5,000 வாட்ஸ் சார்!" என்றார்.

நான் மயங்கிவிட்டேன். சின்னப் பெட்டி ஐந்து. 'ஊஃபர்' என்கிற பெரிய பெட்டி ஒன்று. 11,000 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன்.

வீட்டில் மாட்டினோம். அலமாரியில் எவர்சில்வர் தம்ளர்கள் கிடுகிடுத்தன. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்.

அம்மா என்ன சொன்னார் தெரியுமா?

"இடி இடிக்குதுப்பா. ஆனா பேசுறது விளங்கலையே!"

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. சத்தம் வேறு. பேச்சு வேறு. நான் சத்தத்தை வாங்கி வந்திருந்தேன். அம்மா கேட்டது பேச்சை.

உயிர் கேட்கும், மெய் கேட்காது!

ஏன் இப்படி? இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். ஒன்றாம் வகுப்புப் பாடம் போதும்.

கடை, தடை, படை. இந்த மூன்று சொற்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் வேறுபாடு எங்கே இருக்கிறது? முதல் எழுத்தின் மெய்யில்தான். க், த், ப். அவ்வளவுதான்!

அ, ஆ, ஓ போன்ற உயிர் ஒலிகள் கனமானவை. சத்தமாகக் கேட்கும். க், த், ப், ச் போன்ற மெய் ஒலிகள் மெல்லியவை. கண் சிமிட்டும் நேரத்தில் வந்து போய்விடும். அதோடு அவை கீச்சுக் குரல் போல உயர்ந்த ஒலிகள். ஒலியின் உயரத்தை, ஒரு விநாடிக்கு எத்தனை அதிர்வு என்று கணக்கிடுவார்கள். ஆண் குரலின் அடிப்படை ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 100 அதிர்வு. பெண் குரல் 200. ஆனால் மெய் ஒலிகளின் அடையாளமோ பெரும்பாலும் 2,000-க்கு மேலே இருக்கிறது. 'ச்' என்ற சீறல் இன்னும் மேலே போகும்.

வயதானால் காது முதலில் இழப்பது எது? இந்த உயர்ந்த ஒலிகளைத்தான்!

அதனால் வயதானவர்களுக்கு உயிர் கேட்கும், மெய் கேட்காது. யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும். என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. அவர்கள் 'செவிடு' அல்ல. 'மெய்' அவர்களுக்கு வந்து சேரவில்லை.

சத்தத்தைக் கூட்டினால் சரியாகுமா? ஆகாது. கூட்டினால் எல்லாம் சேர்ந்து கூடும். பின்னணி இசை கூடும். உயிர் ஒலியும் கூடும். மெய் அப்படியே அடியில் மாட்டிக்கொண்டு இருக்கும். இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. காது மந்தமானவர்கள் பலருக்குப் பெரிய சத்தம் பொறுக்காது. காதைப் பொத்திக்கொள்வார்கள்.

உலக சுகாதார நிறுவனம் கொடுத்துள்ள கணக்கைப் பாருங்கள். 60 வயதைத் தாண்டியவர்களில் நாலு பேரில் ஒருவருக்கு மேல், வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் காது மந்தமாக இருக்கிறது. அப்படியானால் இது என் அம்மாவின் கதை மட்டும் அல்ல. உங்கள் தெருவிலும் வாசற்படியில் ஒருவர் உட்கார்ந்து இருப்பார்.

பெட்டி மெலிந்தது, குரலும் மெலிந்தது!

குற்றம் காதில் மட்டும் இல்லை. பெட்டியிலும் இருக்கிறது.

அந்தக் காலத்து ரேடியோ பெட்டி நினைவு இருக்கிறதா? மரப்பெட்டி. முன்புறம் துணி. துணிக்குப் பின்னால் பெரிய ஒலிபெருக்கி. அது நேராக நம் முகத்தைப் பார்த்துப் பேசும். ரேடியோவில் 'ஒலிச்சித்திரம்' வைப்பார்கள். ஒரு முழுப் படத்தின் கதையையும் கண்ணால் பார்க்காமல் காதாலேயே கேட்டு அழுதவர்கள் நம் தாய்மார்கள்! 1965-ல் வந்த 'திருவிளையாடல்' வசனம் கல்யாண வீடுகளில் ஒலிபெருக்கியில் முழங்கும். ஒரு சொல் தவறாமல் கேட்கும்.

1975-ல் சென்னையில் டெலிவிஷன் நிலையம் வந்தது. அப்போதைய பெட்டி கனமானது. தூக்க இரண்டு ஆள் வேண்டும். அதிலும் ஒலிபெருக்கி பெரும்பாலும் முன்பக்கம் பார்த்தே இருந்தது.

இன்று? டெலிவிஷன் படம் மாதிரிச் சுவரில் தொங்குகிறது. முன்பக்கம் முழுவதும் கண்ணாடித் திரை. ஒலிபெருக்கிக்கு இடம் எங்கே? உள்ளங்கை அளவுகூட இல்லாத இரண்டு ஒலிபெருக்கிகளை அடியிலோ முதுகிலோ ஒட்டிவிடுகிறார்கள். அவை தரையைப் பார்த்துப் பேசுகின்றன. அல்லது சுவரைப் பார்த்துப் பேசுகின்றன. ஒருவர் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினால் எப்படி விளங்கும்?

படத்திலும் ஒரு மாற்றம் வந்துவிட்டது. புதிய படங்களுக்கு ஆறு வழியாக ஒலி அமைக்கிறார்கள். தியேட்டரில் பேச்சு பெரும்பாலும் நடுவில் உள்ள ஒலிபெருக்கி வழியாக வரும். இசையும் வெடிச்சத்தமும் பக்கங்களில் இருந்து வரும். வீட்டில் அந்த ஆறையும் இரண்டில் அடைக்க வேண்டும். கூட்டத்தில் பேச்சு நசுங்கிவிடுகிறது!

காசு இல்லாத வைத்தியம்

கடைக்கு ஓடுவதற்கு முன், காசு செலவு இல்லாத ஐந்து காரியங்களைச் செய்து பாருங்கள்.

ஒன்று: ரிமோட்டை எடுங்கள். 'சவுண்டு' என்ற பகுதிக்குப் போங்கள். 'மூவி', 'மியூசிக்' என்று இருந்தால் மாற்றுங்கள். 'நியூஸ்', 'வாய்ஸ்' என்று ஏதாவது இருந்தால் அதை வையுங்கள். 'சரவுண்டு' என்று இருந்தால் அணைத்துவிடுங்கள். 'பாஸ்' என்ற கனத்த ஒலியைக் குறையுங்கள். 'ட்ரெபிள்' என்ற மெல்லிய ஒலியைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

இரண்டு: மின்விசிறியைக் கவனியுங்கள். கடகட என்று ஓடும் விசிறியும், அடுப்படியில் மிக்சியும் முதலில் விழுங்குவது மெய் எழுத்தைத்தான்.

மூன்று: அறையைப் பாருங்கள். வெறும் சுவர், வழுவழு டைல்ஸ் தரை. பேச்சு முட்டி மோதி எதிரொலிக்கும். தரையில் ஒரு ஜமுக்காளத்தை விரியுங்கள். ஜன்னலுக்குக் கனத்த திரை போடுங்கள். வேறுபாடு தெரியும்.

நாலு: வயதானவரின் நாற்காலியை டெலிவிஷனுக்கு அருகே, நேர் எதிரே போடுங்கள். பல வீடுகளில் நல்ல இடத்தில் பிள்ளைகள். மூலையில் பெரியவர். இது நியாயமா?

ஐந்து: இதுதான் முக்கியம். அரசு ஆஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் ஒரு தடவை காட்டுங்கள். சில நேரம் காதில் குரும்பி அடைத்திருக்கும். எடுத்தால் போதும். சிலருக்குக் காதுக் கருவி தேவைப்படலாம். அதை விட்டுவிட்டு ஒலிப்பெட்டி வாங்கிப் பயன் இல்லை.

நாங்கள் ஐந்தையும் செய்தோம். அம்மா பாதி வழி திரும்பி வந்தார். வாசற்படியில் இருந்து நடைக்கு வந்துவிட்டார்! மீதிப் பாதிக்குத்தான் பெட்டி தேவைப்பட்டது.

5,000 வாட்ஸ் என்பது மாயம்!

இந்த முறை நான் ஏமாறவில்லை. முதலில் வாட்ஸ் கணக்கைப் படித்தேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். சுவரில் உள்ள சின்ன பிளக் 6 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 1,380 வாட்ஸ். அந்த பிளக்கில் அதற்கு மேல் எடுக்கக்கூடாது. அதே பிளக்கில் மாட்டிய பெட்டி 5,000 வாட்ஸ் எப்படிக் கொடுக்கும்? ஆகாயத்தில் இருந்தா வரும்?

அட்டைப்பெட்டியில் சின்ன எழுத்தில் 'பி.எம்.பி.ஓ.' என்று போட்டு இருப்பார்கள். ஒரு நொடியின் சிறு துளி நேரத்தில் கிடைப்பதாகச் சொல்லும் கணக்கு அது. அதை நம்பாதீர்கள். 'ஆர்.எம்.எஸ்.' என்று போட்டு இருக்கும் எண்ணைப் பாருங்கள். தொடர்ந்து கிடைக்கும் சக்தி அதுதான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் இரண்டு மடங்கு ஆவது இல்லை. லேசாகத்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஆகவே 40 பெரிதா, 60 பெரிதா என்று சண்டை போட வேண்டாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு, உண்மையான 30, 40 வாட்ஸ் தாராளம்.

எதை வாங்கலாம்?

பெட்டியின் மேல் 2.0, 2.1, 3.1, 5.1 என்று எண்கள் இருக்கும். பயப்பட வேண்டாம். முதல் எண், ஒலி எத்தனை வழியாக வருகிறது என்பது. புள்ளிக்குப் பின்னால் உள்ள எண், ஊஃபர் எத்தனை என்பது. 0 என்றால் ஊஃபர் இல்லை.

2.0 என்றால் இடம், வலம் இரண்டு மட்டும். சிறிய அறைக்குப் போதும். முன்பக்கம் பார்த்துப் பேசினாலே பாதி வெற்றி.

3.1 என்றால் நடுவில் பேச்சுக்கு என்றே ஒரு வழி உண்டு. விலை கூடும். ஆனால் பேச்சு தனியாக, தெளிவாக வரும். வசதி உள்ளவர்கள் இதை வாங்கலாம்.

5.1 என்றால் முதுகுக்குப் பின்னாலும் ஒலி கேட்கும். நல்ல பெரிய கூடம் இருந்தால், பெட்டிகளைச் சரியாக வைக்க இடம் இருந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் வயர்தான் காலைத் தடுக்கும். வயதானவர் உள்ள வீட்டில் அது ஆபத்து.

டெலிவிஷனுக்குக் கீழே நீளமாகக் கோல் போல வைக்கிறார்களே, அதுதான் 'சவுண்டு பார்'. அதில் மூன்று விஷயம் பாருங்கள். ஒலிபெருக்கி முன்பக்கம் பார்க்கிறதா? பேச்சைத் தெளிவாக்கும் பொத்தான் இருக்கிறதா? ஊஃபர் இருந்தால் அதைத் தனியாகக் குறைக்க முடிகிறதா?

இணைக்கும் வயரும் முக்கியம். டெலிவிஷனின் பின்னால் எச்.டி.எம்.ஐ. என்ற துவாரங்கள் இருக்கும். அதில் ஒன்றின் பக்கத்தில் 'ஏ.ஆர்.சி.' என்று எழுதி இருக்கும். ஒலிப்பெட்டியிலும் அதே எழுத்து இருந்தால் ஒரே வயரில் வேலை முடிந்தது. பெரும்பாலும் டெலிவிஷன் ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். வயதானவர் கையில் இரண்டு ரிமோட்டைக் கொடுத்தால் திண்டாடுவார். வயர் இல்லாத 'புளூடூத்' வசதியானதுதான். ஆனால் சில பெட்டிகளில் வாய் முன்னே அசையும். குரல் பின்னே வரும். வாய் அசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பெரியவர்களுக்கு அது கூடாது.

ஒருவருக்கு மட்டும்தான் காது மந்தம் என்றால் இன்னொரு வழியும் உண்டு. டெலிவிஷனோடு இணையும் தலைக்கருவி ஒன்று போதும். அவருக்கு வேண்டிய சத்தம் அவருக்கு. மற்றவர்களுக்குத் தொல்லை இல்லை. வாங்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: தலைக்கருவியை மாட்டியதும் டெலிவிஷன் ஊமையாகிவிடுமா, இரண்டும் சேர்ந்து கேட்குமா?

பெரியவரை அழைத்துப் போங்கள்!

எல்லாவற்றிலும் முக்கியமான யோசனை இதுதான். கடைக்குப் போகும்போது வீட்டின் மூத்தவரை அழைத்துப் போங்கள். அவர் காதுதான் தராசு!

கடைக்காரர் பாட்டுப் போடுவார். "பாட்டு வேண்டாம், செய்தி வாசிப்பதைப் போடுங்கள்" என்று சொல்லுங்கள். பிறகு நாலு பேர் பேசும் காட்சி ஒன்றைப் போடச் சொல்லுங்கள். சத்தத்தைக் குறைவாக வையுங்கள். பெரியவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். "என்ன பேசினார்கள்?" என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொன்னால் அந்தப் பெட்டியை வாங்குங்கள். தரை அதிர்ந்தால் வேண்டாம்!

"அடியும் அதிர்வும் இல்லாவிட்டால் பாட்டுக் கேட்பது எப்படி?" என்று வாலிபர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மத்தளம் இல்லாத கச்சேரி உண்டா? ஊஃபர் இருக்கட்டும். பாட்டுக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். பேச்சுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 1931-ல் தமிழில் 'காளிதாஸ்' வந்தபோது நம் மக்கள் அதை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள்? 'பேசும் படம்' என்றார்கள். 'அதிரும் படம்' என்று சொல்லவில்லை. பேச்சுத்தான் முதல். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பக்கத்து வீட்டையும் மறக்கக்கூடாது. கனத்த ஒலி சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். மெல்லிய ஒலி அவ்வளவு போகாது. உங்கள் வீட்டு ஊஃபர், பக்கத்து வீட்டுக் குழந்தையின் தூக்கத்தைக் கெடுக்கும். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று அளவு வைத்து இருக்கின்றன. அது மெல்லப் பேசும் அளவு. சட்டத்துக்காக வேண்டாம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்காகக் குறைக்கலாமே!

"சத்தத்தைக் குறைப்பா!"

நான் பழைய பெட்டியைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன். அம்மாவைக் கடைக்கு அழைத்துப் போனேன். அவர் மூன்று பெட்டிகளைக் கேட்டார். இரண்டு வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மூன்றாவது, ஊஃபர் இல்லாத சின்ன சவுண்டு பார். விலை 6,500 ரூபாய். செய்தி வாசிப்பவர் பேசினார். அம்மா கண்ணை மூடிக்கொண்டே அதை அப்படியே திருப்பிச் சொன்னார். கடைப் பையன் சிரித்துவிட்டான்.

அன்று ராத்திரி அம்மா வாசற்படிக்குப் போகவில்லை. டெலிவிஷனுக்கு நேர் எதிரே, தம் நாற்காலியில் உட்கார்ந்தார். என் மகள் வழக்கம்போல் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

"ஏத்தா, காது வலிக்குது. சத்தத்தைக் குறை" என்றார் அம்மா!

மறுநாள் நான் வேலையில் இருந்து வர நேரம் ஆகிவிட்டது. தொடர் பாதி ஓடிவிட்டது. "என்னம்மா ஆச்சு? அவ ஏன் அழுகுறா?" என்று கேட்டேன்.

"அப்புறம் சொல்றேன், இருப்பா" என்றார் அம்மா.

விளம்பரம் வந்ததும் முழுக் கதையையும் சொன்னார்.